மாமனார் பெயரில் ஒரு குழாய்

ஒரு நகரத்தின் நாகரிகத்தை அளக்கப் பல வழிகள் இருக்கின்றன. எங்கள் நகரத்தில், வீட்டுச் செடிகள் தாகமாக இருக்கின்றனவா என்பதை வைத்து அளக்கிறார்கள். அந்த அளவின்படி நாங்கள் மிகவும் முன்னேறியவர்கள். நான் தையற்காரன். டேப்பை எந்த இடத்தில் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து யாரையும் ஒல்லியாகவோ பருமனாகவோ காட்ட முடியும் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த அளவைப் பற்றி நான் கருத்து எதுவும் சொல்லப் போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் நான்கு மாடி, இருபத்துநான்கு வீடு. மூன்றாம் மாடியில், படிக்கட்டுக்கு இடப்பக்கம் என் வீடு. முன்னறையில் தையல் மெஷின், துணி வெட்டும் மேஜை, ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி. நாற்காலியில் என் மாமனார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பில் ஆபரேஷன் ஆனதிலிருந்து இரண்டு வருஷமாக அவருக்கு அந்த ஜன்னலோரம்தான் உலகம். முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் டிக்கெட்டைப் பார்த்த கண், இப்போது என் தையலைப் பார்க்கிறது. "மாப்பிள்ளை, இடது கை கொஞ்சம் இறங்கியிருக்கு" என்பார். இறங்கித்தான் இருக்கும். அதுதான் எரிச்சல்.

ஒரு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவைத் தோண்டினார்கள். எதற்கு என்று விசாரித்தேன். அதற்கு முந்தின வருஷம் தோண்டி மூடியது சரியாக மூடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காம். பார்த்துவிட்டு மூடிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து இடப்பக்கத்துப் பன்னிரண்டு வீட்டுக் குழாய்களிலும் காற்று மட்டும் வந்தது. காற்றும் காலை ஆறிலிருந்து ஏழு வரைதான்.

குடிநீர் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தேன். மனு பரிசீலனையில் உள்ளது என்றார்கள். மாதம் ஒரு நினைவூட்டல் எழுதினேன். எட்டாவது நினைவூட்டலைக் கொடுத்தபோது அங்கிருந்த குமாஸ்தா என்மேல் இரக்கப்பட்டு ஒரு விஷயத்தைச் சொன்னார். நினைவூட்டல் வந்தால் அந்தத் தேதியிலிருந்து ஃபைல் புதுசாகக் கருதப்படுமாம். புது ஃபைல் எல்லாம் அடுக்கின் அடியில் போகுமாம். அப்படியானால் எழுதாமல் இருந்தால் சீக்கிரம் மேலே வருமா என்று கேட்டேன். அக்கறை இல்லாத மனுதாரர் என்று மூடிவிடுவோம் என்றார். மனிதர் நல்லவர். கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

தெருமுனையில் ஒரு அடிகுழாய் உண்டு. அங்கிருந்து என் மனைவி காலையில் மூன்று குடம், மாலையில் மூன்று குடம் தூக்கி வந்தாள். ஐம்பத்துநான்கு படி. நானும் தூக்குவேன். ஆனால் வாடிக்கையாளர் வரும் நேரமும் தண்ணீர் பிடிக்கும் நேரமும் ஒன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்வேன். அவள் அதை நம்பவில்லை. சொன்ன நானே முழுசாக நம்பவில்லை. ஏழாவது மாதம் அவள் வலது முட்டி வீங்கியது. எட்டாவது மாதம் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏற ஆரம்பித்தாள். ஒரு நாள் குடத்தை என் வெட்டும் மேஜைமேலேயே வைத்துவிட்டுப் பேசினாள்.

"ஒண்ணாந்தேதி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள தண்ணி வரலைன்னா அப்பாவைக் கூட்டிக்கிட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். நீங்களும் உங்க மனுவுமா குடும்பம் நடத்துங்க."

அன்று இருபத்திரண்டாந்தேதி. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் சொல்லிச் செய்யாதது எதுவும் இல்லை.

இங்கே ஒரு சந்தேகம் வரும். இடப்பக்கத்தில் பன்னிரண்டு வீட்டுக்கும்தானே தண்ணீர் நின்றது, மற்ற பதினொரு வீட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள்? அவர்கள் எல்லாருக்கும் எப்போதோ தண்ணீர் வந்துவிட்டது. காரணம், அவர்கள் செடி வளர்த்தார்கள்.

செடி வளர்ப்பது என்றால் பழைய டப்பாவில் எதையோ ஊன்றிவைத்துவிட்டு மறந்துபோவது என்று நினைத்துவிட வேண்டாம். அதெல்லாம் விவரம் தெரியாதவர்கள் காலம். இப்போது எங்கள் குடியிருப்பில் செடி வைத்திருப்பவர்கள் 'செடிப் பெற்றோர்'. நான்காம் மாடியில், எனக்கு நேர் மேலே இருக்கும் அக்காவிடம் முப்பத்துநான்கு செடிகள். முதலில் எல்லாரும் பெரிய இலைச் செடி வாங்கினார்கள். பிறகு, இலையில் ஓட்டை இருக்க வேண்டும் என்று வந்தது. எந்த வீட்டு இலையில் அதிக ஓட்டையோ அந்த வீட்டுக்காரர் படியில் இறங்கும்போது நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம். அதற்கப்புறம் இலையில் வெள்ளைத் திட்டு. முன்பெல்லாம் இலையில் வெள்ளை விழுந்தால் நோய் என்று மருந்தடிப்போம். இப்போது அதற்குத் தனி மரியாதை. அக்கா வீட்டுப் படுக்கையறையில் ஒரு வெள்ளைத்திட்டுச் செடி இருக்கிறது. அதற்குக் குறட்டைச் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று அக்காவின் வீட்டுக்காரர் ஐந்து மாதமாகக் கூடத்தில் படுக்கிறார். செடி தழைத்துவிட்டது என்று அவரே சந்தோஷமாகச் சொன்னார்.

இந்தச் செடிகளின் நலனுக்காக 'இல்லப் பசுமை மேம்பாட்டு அலுவலகம்' என்று ஒன்று ஏற்பட்டிருக்கிறது. செடி உள்ள வீட்டுக்கு இரண்டே நாளில் செடிக் குழாய் போட்டுக்கொடுப்பார்கள். மனிதர்கள் வரிசை வேறு, செடிகள் வரிசை வேறு. அக்காவிடம் நான் ஒரு குடம் தண்ணீர் கேட்டேன். கொடுக்க மனசு இருக்கிறது, ஆனால் பிள்ளைகளின் பங்கைக் கொடுத்துவிட்டேன் என்று அவற்றுக்குத் தெரிந்தால் முகம் வாடிவிடும் என்றார்.

ஆகவே இருபத்துமூன்றாந்தேதி காலையில் நான் அந்த அலுவலகத்தில் நின்றேன். நின்றேன் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உட்காரும் இடமெல்லாம் தொட்டிகள். காத்திருக்கும் செடிகளுக்கு முன்னுரிமை என்று சுவரில் பலகை. எனக்கு முன்னால் வந்த ஒரு பெரியம்மா, தன் செடியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

என் முறை வந்தது. பசுமை அலுவலர் சட்டைக் காலரில் இலை வடிவப் பித்தளை வில்லை குத்தியிருந்தார். சட்டை நன்றாகத் தைத்தது, தோள் மட்டும் அரை அங்குலம் அதிகம். வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள் என்று அன்பாகக் கேட்டார். ஒன்றும் வளர்க்கவில்லை, நான், மனைவி, மாமனார் மூன்று பேர், தண்ணீர் இல்லை என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆட்களுக்குத் தண்ணீர் கொடுக்கத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்றார். இன்றைக்கே ஒரு செடி வாங்கி வந்துவிடுகிறேன் என்றேன். அது செல்லாதாம். ஒரு வருஷமாவது அதே வீட்டில் வளர்ந்திருக்க வேண்டுமாம். ஒன்றாந்தேதிக்கு எட்டு நாள் இருக்கிறது.

எந்தச் செடி என்று பட்டியலாவது கொடுங்கள், அடுத்த வருஷத்துக்காவது ஆகட்டும் என்றேன். பட்டியல் கிடையாது என்றார். ஆரம்பத்தில் இருந்ததாம். ஓட்டை இலை என்று அச்சடித்து வருவதற்குள் ஊர் வெள்ளைத்திட்டுக்குப் போய்விட்டது. வெள்ளைத்திட்டு என்று திருத்துவதற்குள் தொங்கும் கொடிக்குப் போய்விட்டது. மூன்று தடவை திருத்திய பிறகு இயக்குநருக்குக் கோபம் வந்து, இனிமேல் எந்தக் காலத்திலும் திருத்த வேண்டியிராதபடி ஒரு விளக்கம் எழுதுங்கள் என்று உத்தரவு போட்டாராம். நிபுணர் குழு நான்கு மாதம் உட்கார்ந்து எழுதியது. அதை அலுவலர் எனக்கு வாசித்துக் காட்டினார்.

"உள்ளக வளர்ப்பு எனப்படுவது, வீட்டில் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருப்பதும், வெளிச்சத்தை நோக்கித் திரும்பும் இயல்புடையதும், தண்ணீர் வேண்டுவதாயினும் தானே சென்று எடுத்துக்கொள்ள இயலாததும், காண்போர் மனத்துக்கு அமைதி தருவதும் ஆகும்."

கண்டிப்பாகச் சொல்கிறேன், நான் குறும்பு எதுவும் நினைத்துப் போகவில்லை. அவர் வாசிக்க வாசிக்க எனக்கு எங்கள் வீட்டு ஜன்னலோரம் கண்முன் வந்து நின்றது. அதற்கு நான் என்ன செய்ய?

"இந்த மாதிரி ஒண்ணு எங்க வீட்டுல இருக்குங்க" என்றேன்.

"அப்படியா? வந்து எவ்வளவு காலம் ஆகுது?"

"ஜன்னலோரம் வச்சு ரெண்டு வருஷம். மொத்தத்துல வயசு எழுபத்தாறு. என் மாமனார்."

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். விளக்கத்தை மறுபடி, விரல் வைத்து வாசித்தார். தன் வீட்டுச் சுவரில் தானே விரிசல் கண்டவர் மாதிரி, "செடியா இருக்கணும்னு எங்கயும் போடலையே" என்று முணுமுணுத்தார். உள்ளே போய் மேலதிகாரியை அழைத்துவந்தார். மேலதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் கழற்றிவிட்டும் பார்த்தார். இரண்டு விதத்திலும் செடி என்று போட்டிருக்கவில்லை.

"போடலைன்னா போடலைதான். இல்லாத நிபந்தனையை நம்ம இஷ்டத்துக்குச் சேர்க்க நமக்கு அதிகாரம் இல்ல. நேர்ல பார்வையிட்டு எழுதுங்க" என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். எங்கப்பாவை என்னவென்று நினைத்தீர்கள் என்று மனைவி கேட்டாள். கேட்டுவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாமனார் படிவத்தைக் கேட்டு வாங்கினார். டிக்கெட்டைப் பார்க்கிற மாதிரியே முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, தேதியைப் பார்த்து, முத்திரையைப் பார்த்தார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. எனக்கு ஆட்சேபணை இல்ல மாப்பிள்ளை. அவ முட்டி போயிட்டிருக்கு" என்றார்.

பார்வையிட வந்த அலுவலர் ஒரு பை நிறையச் சாமான் கொண்டுவந்தார். தண்ணீர் தெளிக்கும் புட்டி, மெல்லிய துணி, மண்ணில் குத்தி ஈரம் பார்க்கும் கம்பி. கம்பியை எங்கே குத்துவது என்று ஒரு கணம் யோசித்தார். என் மனைவி பார்த்த பார்வையில் அதைப் பையிலேயே போட்டுக்கொண்டார். விதிமுறைப்படி மாமனாரின் நெற்றியைத் துணியால் பதமாகத் துடைத்தார். பிறகு நாற்காலியை உட்பக்கமாகத் திருப்பி வைத்தார். மாமனார் அடுத்த நிமிஷமே கழுத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். தெருவில் எவனோ வண்டியைக் குறுக்கே நிறுத்திக்கொண்டிருந்தான், அதைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. வெளிச்சத்தை நோக்கித் திரும்புகிறது என்று அலுவலர் குறித்துக்கொண்டார்.

கடைசிச் சோதனை மன அமைதி. அலுவலர் எதிரே உட்கார்ந்து ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மெஷினில் இருந்த பேண்ட்டின் ஒரு கால் இன்னொன்றைவிட ஒரு விரற்கடை குட்டை. அதை மாமனார் பார்த்துவிட்டார். அவர் தொண்டைக்குமிழ் ஏறி இறங்கியது, மறுபடி ஏறி இறங்கியது. மகளைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. ஐந்து நிமிஷம் முடிந்தபோது அலுவலர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஐந்து நிமிஷம் தனக்குக் கிடைத்ததில்லை என்று சொல்லி, நாற்காலிக் கையில் ஒரு பச்சை வில்லையை ஒட்டிவிட்டுப் போனார்.

இருபத்தெட்டாந்தேதி குழாய் போட்டார்கள். மாமனார் பெயரில். தண்ணீர் வந்தபோது என் மனைவி குடம்கூட வைக்கவில்லை. கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றாள், தண்ணீர் விரலிடுக்கில் ஓடிப்போய்க்கொண்டிருந்தது. அழுதாள். எனக்கும் தாங்கவில்லை.

குழாயோடு நிபந்தனைகளும் வந்தன. ஜன்னலை வாரம் ஒரு முறை துடைக்க வேண்டும். தினமும் பத்து நிமிஷம் வளர்ப்புடன் அன்பாகப் பேச வேண்டும். பதினெட்டு வருஷமாக நானும் மாமனாரும் சேர்ந்தாற்போல் பத்து நிமிஷம் பேசியதில்லை. முதல் நாள் என்ன பேசுவது என்று தெரியாமல் அளவு நோட்டை எடுத்து வாடிக்கையாளர்களின் இடுப்பளவுகளை வாசித்தேன். பொறுமையாகக் கேட்டார். நாலைந்து நாள் போனபிறகு அவரே ஒரு விஷயம் சொன்னார். அந்த எட்டு மாதமும் அவர் நாளைக்கு மூன்று தம்ளர் தண்ணீர்தான் குடித்தாராம். குறைத்துக் குடித்தால் மகளுக்கு ஒரு நடை மிச்சமாகுமே என்று. டாக்டர் எட்டுத் தம்ளர் குடிக்கச் சொல்லியிருந்தார். மிச்சமிருந்த ஏழு நிமிஷமும் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த மாதம் அலுவலகத்தின் செய்தி மடலில் மாமனாரின் படம் வந்தது. ஜன்னலோரம், பக்கவாட்டு வெளிச்சம், தலையெல்லாம் வெள்ளை. 'இப்பருவத்தின் அரிய தெரிவு' என்று கீழே போட்டிருந்தார்கள். வெள்ளைத்திட்டு இலைக்கு அலைந்துகொண்டிருந்த ஊர், முழு வெள்ளையைப் பார்த்ததும் தலைகால் புரியாமல் போய்விட்டது.

நான்காம் மாடி அக்காவுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் தன் மாமியாரைத் தேடிக்கொண்டு கொழுந்தனார் வீட்டுக்குப் போனார். ஆறு வருஷத்துக்கு முன்னால் 'உங்க அம்மாவை நீங்களே பாத்துக்குங்க' என்று அங்கே விட்டுவந்தவர் அதே அக்காதான். இப்போது கொழுந்தனார் கொடுக்க மறுத்துவிட்டார். இவ்வளவு வருஷம் நாங்கள்தான் தண்ணீர் ஊற்றினோம் என்றாராம். எங்கள் படிக்கட்டிலேயே பெரிய வாக்குவாதம் நடந்தது. கடைசியில் ஆளுக்கு ஆறு மாதம் என்று முடிந்தது. மாமியார் வந்த அன்று வெள்ளைத்திட்டுச் செடி படுக்கையறையிலிருந்து குப்பைத்தொட்டிக்குப் போனது.

அதற்கப்புறம் வீட்டுக்கு வீடு ஆரம்பித்துவிட்டார்கள். எங்கெங்கோ இருந்த அப்பாக்களும் பெரியம்மாக்களும் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். முதல் மாடியில் ஒரு தம்பதிக்குப் பெரியவர்கள் யாரும் இல்லை. அவர்கள் முதியோர் இல்லத்தில் போய்க் கேட்டார்கள். அங்கே பெரியவர்களைக் கேட்டுக் காத்திருப்போர் பட்டியல் நாற்பது பேருக்குமேல் இருந்ததாம். எழுபது வயதுக்காரர்களை 'இன்னும் கொஞ்சம் முற்றட்டும்' என்று தள்ளிவைத்தார்களாம்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நாலு மாதம் எங்கள் கட்டிடம் நன்றாகத்தான் இருந்தது. காலை வெயிலில் எல்லாரையும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் வரிசையாக உட்காரவைப்போம். அவர்கள் பேசுவார்கள், சிரிப்பார்கள், ஒருத்தர் பிள்ளையை ஒருத்தர் குறை சொல்வார்கள். மாமனார் எட்டுத் தம்ளரும் குடித்தார். என் மனைவி கைப்பிடியைப் பிடிக்காமல் படி ஏறினாள். தண்ணீர் தூக்கிய குடங்களில் நான் வெட்டுத்துணி போட்டுவைத்தேன்.

ஐந்தாம் மாதம் செய்தி மடலின் அட்டையில் ஒரு கள்ளிச்செடி வந்தது. அதன் கீழே 'பராமரிப்பில்லாப் பசுமை' என்று பெரிய எழுத்து. இனி நாகரிகமான வீடு என்றால் கேட்காத செடிதான் இருக்க வேண்டும். தண்ணீர் கேட்கக் கூடாது, வெளிச்சம் கேட்கக் கூடாது, பேச்சுத்துணை கேட்கவே கூடாது. வைத்த இடத்தில் இருக்க வேண்டும், படமெடுக்கும்போது மட்டும் பார்க்க நன்றாக இருக்க வேண்டும். தண்ணீர் தேவைப்படும் வளர்ப்புகளுக்கு வழங்கப்பட்ட குழாய்கள் தக்க முறையில் திரும்பப் பெறப்படும் என்று சுற்றறிக்கையும் வந்தது.

ஒரே வாரத்தில் மொட்டைமாடி காலியானது. வந்த பெட்டிகள் எல்லாம் திரும்பிப் படியிறங்கின. அக்காவின் மாமியாரைக் கொழுந்தனார் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பங்கு ஆறு மாதம் இன்னும் தொடங்கவில்லை என்றார். அந்தம்மாவை இப்போது அக்கா வீட்டுப் பின்னறையில், காலித் தொட்டிகளோடு படுக்கவைத்திருக்கிறார்கள்.

எனக்குச் சுரீரென்றது. குழாய் போனால் மனைவி போவாள். சுற்றறிக்கை வந்த மறுநாளே அலுவலகத்துக்கு ஓடினேன். எங்கள் வீட்டுக் குழாயை மட்டும் விட்டுவையுங்கள் என்று கெஞ்சுவதுதான் என் திட்டம். கெஞ்சினேன். அதில்தான் வந்தது வினை.

அலுவலரின் காலரில் இலை வில்லை போய்க் கள்ளி வில்லை வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவருக்கே கொஞ்சம் சங்கடம். உங்கள் மாமனார் நல்ல வளர்ப்புதான், ஆனால் காலம் மாறிவிட்டது என்றார். நான் விடவில்லை. எங்கள் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது என்று எல்லாவற்றையும் கொட்டினேன். எட்டு மாதம் தண்ணீர் இல்லாமல் கிடந்தோம், வேறு வீட்டுக்குப் போகவில்லை, சத்தம் போடவில்லை, கல்லெறியவில்லை, மாதாமாதம் மரியாதையாக ஒரு மனுதான் எழுதினோம் என்றேன். பெரியவர் மூன்று தம்ளரில் நாளை ஓட்டினார் என்றேன்.

அலுவலர் எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்தார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம்.

"எட்டு மாசமா? ஒரே இடத்துலயா?"

"ஆமாங்க."

"வாடலையா?"

"வாடி என்ன பண்றது? பழகிட்டோம்."

அவர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படி ஒரு வகை கிடைக்குமா என்று துறையே தேடிக்கொண்டிருக்கிறது என்றார். குடிநீர் அலுவலகத்திலிருந்து என் ஃபைலை வரவழைத்தார். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த அலுவலகத்திலிருந்து ஒரு ஃபைல் அன்றைக்கே வந்து சேர்ந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். மேலதிகாரி எட்டு நினைவூட்டல்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். எட்டாவதிலும் 'தங்கள் பணிவுள்ள' என்றே முடித்திருந்ததைப் பார்த்து, "என்ன ஒரு உறுதி" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை இருவரும் வீட்டுக்கே வந்தார்கள். எங்கள் மூவரையும் சேர்த்து 'வறட்சி தாங்கும் வகை, முதல் தரம்' என்று கதவில் வில்லை ஒட்டினார்கள். நகரத்திலேயே முதல் குடும்பம் என்று எழுதி, முத்திரை வைத்து, ஒரு சான்றிதழ் என் கையில் கொடுத்தார்கள். படிக்கட்டு முழுக்க ஆள். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டல் நடக்கும்போதே குழாய்க்காரர் உள்ளே போய்க் குழாயைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதிகத் தண்ணீர் இந்த வகையின் குணத்தைக் கெடுத்துவிடும் என்று அலுவலர் விளக்கினார்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. நான் சான்றிதழைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தடித்த தாள், ஓரத்தில் பொன்னிறக் கோடு. என் பெயரில் எந்த அலுவலகமும் இதுவரை ஒரு தாளைத் திருப்பித் தந்ததில்லை, வாங்கிக்கொண்டதுதான் உண்டு. வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவள் ஒன்றாந்தேதிக்குக் காத்திருக்கவில்லை. அன்று பதினேழாந்தேதி. சாயங்காலமே வண்டி வந்துவிட்டது. மாமனாரை நாற்காலியோடு நாலு பேர் தூக்கி இறக்கினோம். கதவருகே நிறுத்தச் சொல்லி, என் கையிலிருந்த சான்றிதழை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதை வச்சுக்கிட்டு எங்கயும் போக முடியாது மாப்பிள்ளை. நீங்களும் வாங்க" என்றார்.

வருகிறேன், நீங்கள் முன்னால் போங்கள் என்றேன். அன்றைக்கு அதை மெய்யாகவேதான் சொன்னேன்.

ஆனால் மறுநாள் காலையில் கதவைத் தட்டினார்கள். திறந்தால் நான்காம் மாடி அக்கா, அவர் வீட்டுக்காரர், அவர்களுக்குப் பின்னால் படிக்கட்டு வளைவு வரை வரிசை. இந்த வில்லையை எப்படி வாங்குவது என்று சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். வலப்பக்கத்துக்காரர்களுக்கு ஒரு நாளும் தண்ணீர் நின்றதில்லை, அவர்கள் பாடுதான் பாவம். தங்கள் குழாயை மூடிவிடும்படி அவர்களே மனு எழுதினார்கள். நான் 'பணிவுள்ள' என்று முடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். மூன்றே நாளில் இருபத்திரண்டு வீட்டுக் குழாய்கள் மூடப்பட்டன. மிச்சமிருக்கும் வீட்டுக்காரர் மட்டும், நமக்கு இன்னும் தண்ணீர் வருகிறதே என்று முகத்தை வெளியே காட்டாமல் நடமாடுகிறார். இப்போது காலையில் எல்லாரும் குடத்தோடு தெருமுனை அடிகுழாயில் நிற்கிறோம். யாரும் முகம் சுளிப்பதில்லை. முகம் சுளிப்பவர் வீட்டு வில்லையை எடுத்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. இதை வாசிக்கும் உங்களுக்கும் தகுதி இருக்கலாம். எத்தனை மாதமாகக் காத்திருக்கிறீர்கள், யாரிடம் என்ன கேட்டீர்கள், கிடைக்காதபோது என்ன செய்தீர்கள் என்று மட்டும் எழுதினால் போதும். ஒன்றும் செய்யவில்லை என்றால் கூடுதல் மதிப்பெண்.

நேற்று மனைவி ஃபோன் செய்தாள். தங்கை வீட்டில் நாள் முழுக்கத் தண்ணீர் வருகிறதாம். அப்பா நன்றாக இருக்கிறாராம். தங்கை வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒரு கடையில் தையல் வேலை இருக்கிறது, மெஷினைத் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றாள். குரல் தணிந்திருந்தது. கோபமெல்லாம் போய்விட்டது என்று தெரிந்தது.

"எப்படி வர்றது? அடுத்த வாரம் மறு ஆய்வு இருக்கு. நான் இங்க இல்லைன்னா முதல் இடத்தை ரெண்டாம் மாடிக்காரனுக்குக் குடுத்துடுவாங்க" என்றேன்.

அவளுக்குப் பின்னால் குழாய் திறந்து ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. வீணாகப் போகிறதே, மூடச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் ஃபோனை வைத்துவிட்டாள்.